யார் கேட்ட வேலை? பன்னாட்டுப் பணிமுகாம் பற்றி முதன்முறை கேள்விப்படுபவர்களுக்கு

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஏழு நாள் முகாம். அரசுப் பள்ளியின் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்துத் தூங்குவது, காலையில் அடிபம்பு முன்னால் வாளியோடு வரிசையில் நிற்பது, மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் குளக்கரைக்குப் போய்ச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, மாலையில் ஊர்ப் பிள்ளைகளோடு கபடி, இரவில் அண்டாவில் வெந்த சாம்பார் சாதம். முதல் நாள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏழாம் நாள் தோளில் கை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

அந்த முகாமில் சில மாற்றங்களைச் செய்து பாருங்கள். ஐம்பது மாணவர்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு அல்லது பதினைந்து பேர். அவர்கள் எட்டுப் பத்து நாடுகளிலிருந்து தனித்தனியாகக் கிளம்பி வந்தவர்கள். வந்து சேரும்வரை ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஏழு நாளுக்குப் பதிலாக இரண்டு வாரம், சில இடங்களில் மூன்று வாரம். ஊர் பிரான்சின் மலைக்கிராமமாகவோ ஜப்பானின் நெல் விளையும் சிற்றூராகவோ இருக்கிறது. இதுதான் பன்னாட்டுப் பணிமுகாம். ஆங்கிலத்தில் 'வொர்க்கேம்ப்' என்ற பெயர் உலகெங்கும் புழங்குகிறது. 'கேம்ப்' என்பதால் கூடாரம் அடித்தே ஆகவேண்டும் என்று பொருளில்லை. பள்ளிக்கூடம், தேவாலயத்து மண்டபம், தீயணைப்பு நிலையத்து மாடி என்று ஊர் எதைத் திறந்துவிடுகிறதோ அதில் தங்குவார்கள்.

வெளிநாட்டில் தொண்டு செய்வதற்குப் பல வழிகள் உண்டு. ஓராண்டு தங்கிச் செய்வது உண்டு, ஐ.நா. தன்னார்வலர் திட்டம்போல் தொழில் தகுதி கேட்பவை உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது குறுகிய காலக் குழுப்பணியை மட்டும்தான். பட்டமோ அனுபவமோ கேட்காமல், பதினெட்டு வயது நிரம்பியவர் எவரையும் ஏற்றுக்கொள்ளும் வாசல் அது. அதனால்தான் முதலில் எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகவே வருகிறார்கள்.

போர்க்களத்தில் பிறந்த பழக்கம்

இந்த முகாம்களின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள, முதல் முகாம் நடந்த இடத்துக்குப் போய்வருவது நல்லது. 1916இல் பிரான்சின் வெர்டன் பகுதியில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மானியப் படையும் பத்து மாதம் மோதின. இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அந்தக் களத்தை ஒட்டியிருந்த எஸ்ன் என்ற சிற்றூர் கல்குவியலாகிவிட்டது. வயல்களில் குண்டு விழுந்த பள்ளங்கள். திரும்பி வந்த குடும்பங்களுக்குத் தங்கக் கூரை இல்லை.

1920ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த ஊருக்கு ஒரு சிறு குழு வந்து சேர்ந்தது. முன்னின்று நடத்தியவர் பியர் செரெசோல், ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர். அவருடைய தந்தை அந்நாட்டின் அதிபராக இருந்தவர். மகனோ படைவரி கட்ட மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். அதே ஆண்டு நெதர்லாந்தின் பில்தோவன் ஊரில் போரை எதிர்ப்பவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. சமாதானத்தைப் பற்றிப் பேசியது போதும், இடித்ததைக் கையால் கட்டிக் காட்டுவோம் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. எஸ்னுக்கு வந்த குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரைத் தரைமட்டமாக்கிய படை எந்த நாட்டுடையதோ, அதே நாட்டுக்காரர்கள் அங்கே கடப்பாரை பிடித்து நின்றார்கள்.

மரவீடுகள் எழுப்பினார்கள், இடிபாடுகளை அகற்றினார்கள், பள்ளங்களைத் தூர்த்தார்கள், சாலையைச் செப்பனிட்டார்கள். கூலி கிடையாது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, ஜெர்மானியர்கள் அங்கே இருப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 1921 வசந்தத்தில் முகாம் கலைந்தது.

உலகெங்கும் நூறாண்டாக நடந்துவரும் ஓர் இயக்கத்தின் முதல் முயற்சி இப்படித்தான் முடிந்தது. பலர் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முழுக் கதையிலும் முக்கியமான இடம். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், உன் மகனைக் கொன்றவர்களின் ஊரிலிருந்து வந்து உனக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றால், அவளால் உடனே கையெடுத்துக் கும்பிட முடியுமா? குறை சொல்ல முடியாது அந்த ஊரை. வந்தவர்களின் மனமும் தங்கம். ஆனாலும் கொடுப்பவருக்கு இருக்கும் மனம் மட்டும் போதாமல் போனது. இந்த வேலையை, இந்தக் கைகளிடமிருந்து, இந்த நேரத்தில் யார் கேட்டார்கள் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு முகாம் நல்லதா கெட்டதா என்று எடைபோட இதைவிடச் சிறந்த கேள்வி எனக்குத் தெரியாது.

செரெசோலும் நண்பர்களும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது பின்னால் நடந்தவற்றில் தெரிகிறது. 1924இல் ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவு மூடிய ஒரு மலைக்கிராமத்தில் வேலை செய்தார்கள். அதை ஒழுங்குபடுத்த உதவியவர் செரெசோலின் அண்ணன் எர்னஸ்ட். அவரோ ஸ்விஸ் படையில் கர்னல். படைவரி மறுத்த தம்பியும் படை அதிகாரியான அண்ணனும் ஒரே பனிக்குவியலை அள்ளினார்கள். 1927இல் ரைன் ஆறு கரையுடைத்து லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் வயல்களை வண்டலாலும் கற்களாலும் மூடியது. மறு ஆண்டு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் வந்து அந்த நிலத்தை மீட்டார்கள். இவர்கள் உருவாக்கிய அமைப்புதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல். இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

அந்தக் கிளைகள் வருவதற்கு முன்பே இந்தியத் தொடர்பு தொடங்கிவிட்டது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் பல இடங்களில் நிலமே தாழ்ந்துபோய், அதற்கு முன் பாதுகாப்பாக இருந்த ஊர்களுக்கு வெள்ள ஆபத்து வந்தது. செரெசோல் கப்பலேறி வந்தார். நிவாரணப் பணியைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருந்த ராஜேந்திர பிரசாத்தைச் சந்தித்தார், காந்தியையும் கண்டார். என்ன வேலை தேவை என்று முதலில் கேட்டறிந்த பிறகே, இன்னும் சில ஐரோப்பியத் தோழர்களோடு முசாபர்பூர் மாவட்டத்தில் மேட்டுநிலத்தில் புதிய ஊர்கள் கட்டும் பணியில் இறங்கினார். எஸ்னுக்கும் முசாபர்பூருக்கும் இடையே அவர் கடந்த தொலைவு இதுதான்: இங்கே வேலைக்குப் பொறுப்பு ஏற்றிருந்தவர்கள் அந்த மண்ணின் மக்கள், வெளிநாட்டார் அவர்களுக்குக் கைகொடுக்க வந்தவர்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவின் பாதி இடிந்து கிடந்தபோது முகாம்கள் பல்கிப் பெருகின. 1948இல் யுனெஸ்கோவின் முயற்சியில் பாரிசில் இவற்றுக்கென ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. ஆசியாவில் இதே உணர்வு வேறு பெயரில் வளர்ந்தது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் அ. த. ஆரியரத்ன தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம் இலங்கை முழுவதும் பரவியது. உழைப்பைத் தானமாகத் தருவது என்று பொருள்படும் சிரமதானம் என்ற சொல் இலங்கைத் தமிழர் பேச்சில் இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. ஊர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, வந்தவர்கள் மட்டும் வேர்வை சிந்தினால் அதற்குச் சிரமதானம் என்று பெயரில்லை.

இன்று என்ன வேலை?

வேலை பெரும்பாலும் எளிமையானது. இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு செய்து முடிக்கக்கூடியது. சில உண்மையான இடங்களைச் சொன்னால் விளங்கும்.

பிரான்சில் 1966 முதல் இயங்கும் ராம்பார் என்ற கூட்டமைப்பு பழைய கோட்டைகளையும் தேவாலயங்களையும் கிராமத்துச் சுவர்களையும் இளைஞர் குழுக்களைக் கொண்டு செப்பனிடுகிறது. சுண்ணாம்புக் காரை குழைப்பது, கல்லுக்குக் கல் பொருத்திச் சுவர் எடுப்பது போன்றவற்றை மூத்த கைவினைஞர் சொல்லித்தருவார். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அங்கே கை உடனே பழகும்.

ஜெர்மனியில் 1958இல் தொடங்கப்பட்ட ஒரு சமாதானத் தொண்டு அமைப்பு, நாஜிகள் செய்த கொடுமைக்குப் பரிகாரமாக ஜெர்மானியரே உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. 'பரிகாரச் செயல்' என்பதே அதன் பெயரின் பொருள். கோடைமுகாம்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் யூதக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்குகிறார்கள், சாய்ந்த கற்களின் மேல் படர்ந்த கொடிகளை விலக்குகிறார்கள். அந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய குடும்பங்களே அழிக்கப்பட்டுவிட்டன. மண்வெட்டி வேலைதான், ஆனால் ஒவ்வொரு கல்லிலும் பெயரைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்கு நகர முடியும்.

ஜப்பானில் 1990 முதல் நைஸ் என்ற அமைப்பு இம்முகாம்களை நடத்துகிறது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் மலைக்கிராமங்களில் படிக்கட்டு வயல்களுக்குக் களை எடுப்பது, காட்டை விழுங்கும் மூங்கிலை வெட்டுவது, ஊர்த் திருவிழாவுக்குத் தோள் கொடுப்பது போன்றவை அங்கே வேலை. தேர் இழுக்க ஆளில்லை என்று கவலைப்படும் நம் ஊர்ப் பெரியவர்களை அறிந்தவர்களுக்கு அந்த முதியவர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி புரியும்.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். ஆரோவில்லை ஒட்டி 2003இல் தொடங்கப்பட்ட சாதனா வனத்தில், அழிந்துபோன வெப்பமண்டல உலர் பசுமைக்காட்டை மீட்கப் பல நாட்டவர் வந்து வாரக்கணக்கில் தங்கிக் குழி வெட்டுகிறார்கள், வரப்பு போட்டு மழைநீரைத் தேக்குகிறார்கள், மரம் நடுகிறார்கள். வெளிநாடு போக வசதியில்லாதவர்கள் பன்னாட்டுக் குழுவோடு வாழ்ந்து பார்க்க அதுவும் ஒரு வழி.

இவை தவிரக் கடற்கரைக் குப்பை அகற்றல், மலைப்பாதை அமைத்தல், அகழாய்வுக் களத்தில் மண் சலித்தல், குழந்தைகளின் கோடை விளையாட்டு முகாமில் உதவுதல் எனப் பட்டியல் நீளும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேர வேலை, வாரத்துக்கு ஐந்து நாள். காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். பிறகு ஆற்றில் குளியல், பக்கத்து ஊருக்கு நடை, வார இறுதியில் குழுவாகச் சிறு பயணம். ஒன்றிரண்டு முகாம் தலைவர்கள் இருப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் தொண்டர்களே, சிறு பயிற்சி பெற்றவர்கள். வேலையின் நுட்பத்தைக் காட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். பொது மொழி பெரும்பாலும் ஆங்கிலம். யாருக்கும் தாய்மொழியாக இல்லாத உடைந்த ஆங்கிலம் என்பதால், நம் ஆங்கிலம் போதுமா என்று அஞ்ச வேண்டியதில்லை. இலக்கணம் தவறாமல் பேசுகிறவரைவிட, தயங்காமல் கேள்வி கேட்கிறவரே அங்கே எல்லாருக்கும் வேண்டியவராகிறார்.

முகாமின் உயிர் இருக்கும் இடம் சமையலறை. 1920களின் முகாம்களில் ஆண்கள் மண் அள்ள, 'சகோதரிகள்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் சமைத்துத் துவைத்தார்கள். அந்தப் பாகுபாடு இன்று இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் சமையல் முறை. அன்று அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. பதினைந்து பேருக்குக் காலைச் சாப்பாடு முதல் இரவுச் சாப்பாடு வரை, கொடுத்த பணத்துக்குள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிச் சமைத்து, பாத்திரம் துலக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் டம்ளரைக்கூட எடுத்து வைக்காமல் வளர்க்கப்பட்ட ஆண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அம்மாவின் பக்கத்தில் நின்று சாம்பாரும் ரசமும் வைக்கப் பழகிவிடுங்கள். ஒருவர் சைவம், ஒருவர் பன்றி இறைச்சி தொடமாட்டார், ஒருவருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. அத்தனை பேருக்கும் ஒரே சட்டியில் எதைச் சமைப்பது என்ற யோசனையில்தான் பல நட்புகள் தொடங்குகின்றன. தேங்காய்ச் சட்னி எத்தனை நாட்டவருக்கு ஒத்துப்போகிறது என்பதையும் அப்போது பார்ப்பீர்கள்.

சண்டையும் வரும். பாத்திரம் கழுவாமல் போனவர், இரவு இரண்டு மணிக்குச் சத்தம் போட்டவர், வேலைக்குத் தாமதமாக வருபவர் இல்லாத முகாம் கிடையாது. அதனால் முதல் நாளே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து விதிகளைத் தாங்களே பேசி முடிவு செய்வார்கள். மேலிருந்து கட்டளை வராத இடத்தில் பதினைந்து பேர் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பது, எடுத்த சுவரைக் காட்டிலும் கடினமான கட்டுமானம். செரெசோல் காலத்திலிருந்தே முகாம்களின் உள்நோக்கம் இதுதான். பனிப்போர் ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பிய இளைஞரும் மேற்கு ஐரோப்பிய இளைஞரும் சந்தித்துக்கொள்ள வேறு வழி அரிதாக இருந்தபோது, இம்முகாம்கள் அதற்கு வாசலாயின.

பணம் கொடுத்துத் தொண்டா?

முதன்முறை கேட்பவர்கள் எல்லாரும் முகம் சுளிக்கும் இடம் இது. கேட்பதில் தவறில்லை. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் உங்கள் செலவு. உங்கள் நாட்டிலுள்ள அனுப்பும் அமைப்புக்குப் பதிவுக் கட்டணம் ஒன்று கட்டுவீர்கள். முகாம்களோடு தொடர்பு வைத்திருப்பது, விண்ணப்பத்தைச் சேர்ப்பது, பயணத்துக்கு முன் பயிற்சி தருவது ஆகியவை அதில் நடக்கின்றன. ஐரோப்பாவில் பெரும்பாலான முகாம்களில் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு; ஊராட்சியோ அரசோ அதற்குப் பணம் தருவது வழக்கம். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் அப்படி ஆதரவு குறைவு என்பதால், போய் இறங்கியதும் உணவுக்கும் தங்கலுக்கும் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். ஏழைக் கிராமம் ஒன்று பதினைந்து விருந்தாளிகளுக்குத் தன் பையிலிருந்து சோறு போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை அல்லவா? அந்தத் தொகையைக் கொடுப்பதே முறை.

ஆனால் அளவு முக்கியம். இரண்டு வாரத்துக்கு நட்சத்திர ஓட்டல் அளவுக்குப் பணம் கேட்டு, அதில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் மழுப்புகிற நிறுவனம் சுற்றுலா வியாபாரம் செய்கிறது. கணக்கைக் கேளுங்கள். நேர்மையான அமைப்பு எழுத்தில் பதில் தரும்.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்றியத்தின் ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற திட்டத்தில் 18 முதல் 30 வயதுக்குட்பட்டோர் குழுக்களாக இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை தொண்டு செய்யலாம். பயணத்துக்கு உதவித்தொகை, தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவற்றைத் திட்டமே பார்த்துக்கொள்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே முப்பது வயது கடந்துவிடுகிறது.

தவிர்க்க வேண்டியவை

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அனாதை இல்லங்களில் இரண்டு வாரம் பிள்ளைகளோடு விளையாடலாம் என்று அழைக்கும் எந்தத் திட்டத்துக்கும் போகாதீர்கள்.

கம்போடியாவில் நடந்தது ஒரு பாடம். 2005க்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளின் வரவு கூடக் கூட, அங்கே அனாதை இல்லங்களின் எண்ணிக்கையும் ஏறியது. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள். வெளிநாட்டாரின் நன்கொடையும் தொண்டர் கட்டணமும் வருமானமானபோது, பிள்ளைகளே அந்த வருமானத்துக்கு மூலதனமானார்கள். நேபாளத்திலும் இதே நிலை வந்தது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கடத்துவதும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது. போகிறவர்களின் அன்பில் கள்ளம் இல்லை. ஆனால் இரண்டு வாரம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பதினைந்தாம் நாள் விமானம் ஏறிவிடும் ஒருவரை மாதந்தோறும் சந்தித்து மாதந்தோறும் இழக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் மனம் என்ன ஆகும்?

பயிற்சி இல்லாமல் மருத்துவ உதவி, மொழி தெரியாமல் பள்ளியில் பாடம் நடத்துதல் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. உங்கள் ஊரில் உங்களைச் செய்ய விடாத வேலையை இன்னோர் ஊரில் செய்யச் சொன்னால், அந்த ஊர் மக்களின் உயிருக்கும் படிப்புக்கும் குறைந்த விலை போடப்பட்டிருக்கிறது என்று பொருள். கட்டட வேலையிலும் கவனம் வேண்டும். வேலையில்லாக் கொத்தனார்கள் ஊரில் இருக்கும்போது, செங்கல் அடுக்கத் தெரியாத வெளிநாட்டு மாணவர்கள் வந்து சுவர் எழுப்புவதால் யாருக்கு லாபம்?

எஸ்னில் எழுந்த கேள்வி இங்கேதான் கைகொடுக்கிறது. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது அனுப்பும் அமைப்பிடம் கேளுங்கள்: இந்த வேலையைக் கேட்டது யார்? ஊராட்சியா, கோயில் குழுவா, விவசாயிகள் சங்கமா? நாங்கள் கிளம்பிய பிறகு யார் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள்? ஊர்க்காரர்கள் எங்களோடு சேர்ந்து வேலை செய்வார்களா? நாங்கள் வராவிட்டால் இதே வேலை கூலிக்கு யாருக்காவது கிடைத்திருக்குமா? பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்பிக்கையோடு போகலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் உதவி வந்து குவிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எது வேண்டும் என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு இறங்கியவர்களும் உண்டு. கேட்காமலே எங்கோ மூட்டை கட்டிய பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததும் உண்டு.

விசா

விசாவில் பொய் சொல்லாதீர்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். சம்பளமில்லாத தொண்டுப் பணியையும் சில நாடுகள் வேலை என்றே கருதுகின்றன. பிரிட்டனை எடுத்துக்கொண்டால், பார்வையாளர் விசாவில் வருபவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். ஆனால் பயணத்தின் முதன்மை நோக்கமே அதுவாக இருக்கக் கூடாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். முகாம் நடத்தும் அமைப்பின் அழைப்புக் கடிதத்தை வாங்கி, எந்த வகை விசாவுக்கு விண்ணப்பிப்பது என்பதை அவர்களிடமும் தூதரகத்திடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டோடு முதல் முகாமுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, அருகிலிருந்து தொடங்குங்கள் என்பதே. நேபாளத்துக்கு விசாவே தேவையில்லை. இலங்கை சென்னையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். வடக்கிலும் மலையகத்திலும் தமிழிலேயே பேசிப் பணி செய்யலாம். நேரடியாகப் பேசிப் பழகும்போது கிடைக்கும் புரிதலை எந்த மொழிபெயர்ப்பாளரும் தந்துவிட முடியாது. விமானத்துக்குச் செலவிடும் பணமும் எரியும் எரிபொருளும் குறைவு என்பதும் சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்படிச் சேர்வது?

முகாம் நடக்கும் நாட்டுக்கு நேரடியாக எழுதுவதைவிட, உங்கள் நாட்டிலிருக்கும் அனுப்பும் அமைப்பின் வழியாகப் போவதே இந்த வலைப்பின்னலின் முறை. கோடைமுகாம்களின் பட்டியல் மார்ச் மாத வாக்கில் வெளிவரும். ஒரே நாட்டவர் கூடிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நாட்டுக்கு இரண்டு இடம்போல் வரையறை வைத்திருப்பார்கள். எனவே நண்பர்கள் நான்கு பேராகச் சேர்ந்து போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தனியாகப் போனால்தான் மற்றவர்களோடு பேசுவீர்கள். மூன்று நான்கு முகாம்களை விருப்ப வரிசையில் குறிப்பிட்டு, ஏன் போக விரும்புகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். அதில் அலங்காரம் வேண்டாம். தாத்தாவோடு வரப்பு வெட்டியிருக்கிறேன், கல் சுமப்பேன், சமைக்கத் தெரியும், புதியவர்களோடு பழகக் கூச்சம் உண்டு ஆனாலும் முயல்வேன் என்று உள்ளதை எழுதினால் போதும்.

இடம் கிடைத்தால், கிளம்பும் முன் தகவல் தாள் ஒன்று வரும். எந்த ரயில் நிலையத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுவது, என்ன கொண்டுவருவது என்று எல்லாம் அதில் இருக்கும். தூங்கும் பை, மழைக்கோட்டு, முரட்டுக் கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து. வெண்டைக்காய் வற்றலும் புளியும் எடுத்துப்போக ஆசையிருந்தால், அந்த நாட்டுச் சுங்க விதியை முதலில் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் காட்ட உங்கள் தெருவின், வயலின், வீட்டின் சில படங்களை அச்சுப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மொழி இல்லாத மாலைகளில் அவை பேசும். விசாவுக்கே இரண்டு மாதம் ஓடிவிடும் என்பதால், கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதற்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது.